முப்பத்தேழாம் படலம்

மரவள்ளி மாவு நூறு பங்கு,
கிளிசரின் முப்பது,
மண்டபத்திலிருந்து வந்த பாசிப் பசை நான்கு,
வினிகர் கொஞ்சம்.
கிளறிக் கண்ணாடித் தட்டில் ஊற்றி
இரவெல்லாம் காயவிட்டால்
காலையில் உரிந்து வரும் ஒரு தோல்,
வெங்காயத்தின் உட்சருகு போல.
எதிரே தூக்கிப் பிடித்தால்
அம்பத்தூர் எஸ்டேட்டின் லாரிகள்
கொஞ்சம் மங்கலாய்ப் போகும்.

படலம் என்று குறிப்பேட்டில் எழுதுகிறோம்.
கண்ணில் படரும் புரைக்கும் அதுதான் பெயர்,
காப்பியத்தின் பகுதிக்கும் அதுதான்.
எங்களுடையதில் முப்பத்தேழு ஆகியும்
நாட்டு வளமே பாடி முடிந்தபாடில்லை.

எண்பத்திரண்டு டிகிரி சாம்பார்.
அதுதான் எங்கள் தேர்வாளர்.
கொரட்டூர் மெஸ்ஸில் பார்சல் கட்டும் மோகனரங்கம்
"நாப்பது நிமிஷம் தாங்கினா போதும் மேடம்,
பையன் அண்ணா நகர் தாண்டிடுவான்" என்றார்.
இருபத்தாறாவது நிமிடத்தில்
பையன் முதுகில் இறங்கியது முருங்கைக்காய்.
வாடிக்கையாளர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தார்.
நான் எழுதினேன்:
இருபத்தொன்பதாம் படலம். ஓர ஒட்டு விட்டது.
மணம் நன்று.

ஐப்பசி.
காற்றே பிழியாத துணியாய்த் தொங்கும் ஊரில்
தண்ணீரைக் கண்டால் இளகும் மாவிடம்
விரதம் இரு என்று எப்படிச் சொல்வது?
அடுக்கிய நூறு பைகள்
ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஒரே பையாயின.
அறிக்கையில் அதன் பெயர் ஈரப்பத உணர்திறன்.
சிகாமணி வைத்த பெயர் கல்யாணம்.

சிகாமணி எங்கள் எக்ஸ்ட்ரூடர் ஆபரேட்டர்.
இருபத்திரண்டு வருடம்
வெள்ளைக் குருணையை உருக்கி
கேரி பேக் ஊதியவர்.
தடை வந்த வருடம்
மெஷினுக்குத் தார்ப்பாய் போர்த்திவிட்டு
ஷேர் ஆட்டோ ஓட்டினார்.
இன்று அதே மெஷின், வேறு திருகு.
"அது வெண்ண மாதிரி வரும் மேடம்.
இது களி. அடம் புடிக்குது."

அடம் பிடிக்கத்தான் வேண்டும்,
நாற்பது நிமிடம்.
அதற்கப்புறம் மனது மாறி
மண்ணோடு போய்விட வேண்டும்.
ஒரு பொருளிடம் இரண்டையும் கேட்கிறோம்.
இதற்கிடையில் எங்கோ கச்சா எண்ணெய் விலை இறங்கினால்
ஒன்றுமே செய்யாத எங்கள் பை
விலை ஏறிவிடுகிறது.

முப்பத்தேழு, நாற்பத்தொரு நிமிடம் தாங்கியது.
முந்நூறு பை ஊதினோம்.
மார்கழியில் ஒரு காலை
கிடங்கில் பாதியைக் காணோம்.
பெருச்சாளி.
நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.
அவர் பல் தடங்களைத் தடவிக்கொண்டிருந்தார்.
"என் பழைய பையையும் கடிச்சிருக்கு,
துப்பிட்டுப் போயிருக்கு.
இத தின்னிருக்கு மேடம்."
இதே வார்த்தையை முத்திரையோடு எழுதித் தர
ஆய்வகத்தில் ஆறு லட்சம் கேட்டிருந்தார்கள்.

பின்பக்கம் வாதாம் மரத்தடியில் புதைத்ததைத்
தொண்ணூறாம் நாள் தோண்டினோம்.
கட்டிய கம்பி இருந்தது.
எண் எழுதிய தகரச் சீட்டு இருந்தது.
இரண்டு மண்புழு.
படலம் இல்லை.
சிரிக்க வாய் திறக்குமுன்
மண்வெட்டியில் மாட்டியது வேறொன்று.

நீலப் பை.
உதறியதும் எழுத்துகள் அப்படியே:
ஆடித் தள்ளுபடி,
முதல் நூறு பேருக்கு எவர்சில்வர் டம்ளர்.
கடையின் தொலைபேசி எண்ணில்
ஏழே இலக்கம்.
சிகாமணி அடி ஒட்டின்மேல் விரல் ஓட்டினார்,
ஒரு நெளிவில் நிறுத்தினார்.
"நம்ம மெஷின்தான்.
இந்த எடத்துல அப்பவே தேஞ்சிருந்துச்சு."
பெருமையா, வேறெதுவுமா,
அவர் முகத்தில் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

குழாயடியில் கழுவிக் கொடியில் போட்டார்.
முப்பத்தெட்டாம் படலத்தின் மாதிரிகள்
இப்போது
ஈரம் படாமல், எலி தொடாமல்
அதற்குள்தான் இருக்கின்றன,
வாய் இறுக்கிக் கட்டி,
என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில்.